ஒளிக்கும் ஓர் அளவு உண்டு



கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் கணக்கு மனப்பாடம். முல்லைப் பெரியாறு அணையில் இன்று எத்தனை அடி என்பதைத் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எவரும் சொல்வார். 136, 142, 152 என்னும் எண்கள் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் மாதத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். எந்த வாய்க்காலுக்கு எப்போது முறை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் “உங்கள் வீட்டுக்குள் எந்த ஜன்னல் வழியாக, எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் வெளிச்சம் வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். வீடு கட்டியவருக்கே விடை தெரியாது. தண்ணீரை அளந்து பழகிய நாம் ஒளியை அளந்து பார்த்ததில்லை.

வீட்டுக்குள் பூச்செடி வளர்க்கத் தொடங்கியபோதுதான் இந்தக் குறை எங்களுக்குப் புலப்பட்டது. நம் ஊர்க்காரர்கள் குமுளிப் பக்கம் போனால் திரும்பும்போது ஆந்தூரியம் தொட்டி ஒன்றையாவது கையில் எடுத்து வருவார்கள். வாங்கும்போது நாலைந்து பூக்கள் செக்கச் சிவந்து நிற்கும். ஒரு மாதம், இரண்டு மாதம் அப்படியே நிற்கும். பிறகு அவை வாடும்; புதிய பூ வராது. இலை மட்டும் வந்துகொண்டே இருக்கும். மண் சரியில்லை என்பார் ஒருவர். தண்ணீர் அதிகம் என்பார் இன்னொருவர். கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. உரம் வாங்கிப் போடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் காரணம் இவற்றில் எதுவும் இல்லை. செடி வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் ஒளி போதவில்லை என்பதே உண்மை. சிறிய செய்திதான். ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு காலகட்டத்தில், ஒரு செடிக்கு வேண்டிய ஒளியும் ஒரு மனிதருக்கு வேண்டிய ஒளியும் ஒரே ஜன்னலில் வந்து சந்தித்தன. அதனால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் செடியின் நியாயத்தைப் பார்ப்போம். இலை, ஒளியைக் கொண்டுதான் தனக்கு உணவு சமைக்கிறது. கிடைக்கும் ஒளி குறைவாக இருந்தால் சமைக்கும் உணவும் குறைவு. அது உயிரைத் தாங்கிக்கொள்ளவே சரியாகப் போய்விடும். பூ என்பது மிச்சத்திலிருந்து செய்யும் செலவு. மிச்சம் இல்லாத வீட்டில் விருந்து இல்லை. ஆந்தூரியத்தில் நாம் பூ என்று சொல்லும் அந்தச் சிவப்பு உண்மையில் ஓர் உருமாறிய இலை. அதன் நடுவே நிற்கும் தண்டில் நெருக்கமாக அமர்ந்திருக்கும் சிறு புள்ளிகளே உண்மைப் பூக்கள். நல்ல ஒளி கிடைக்கும் செடியில் புதிதாக வரும் ஒவ்வோர் இலையின் கணுவிலிருந்தும் ஒரு பூ எழும். ஒளி குன்றினால் மொட்டு உள்ளேயே கருகி நின்றுவிடும். இலை மட்டும் வரும். கரும்பச்சையாக, அகன்று, நீண்ட காம்புடன் ஜன்னலை நோக்கிச் சாய்ந்து நிற்கும். பார்ப்பவர்கள் “செடி நன்றாகச் செழித்திருக்கிறதே!” என்று பாராட்டுவார்கள். அது செழிப்பு அன்று, தேடல்.

மறுபுறமும் உண்டு. அதே செடியைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வைத்தால் ஓரிரு நாளில் இலை வெளிறும். பிறகு காகிதம் கருகினாற்போல் பழுப்புத் திட்டுகள் விழும். அந்தத் திட்டுகள் மீண்டும் பச்சையாவதில்லை. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. எல்லாப் பொருளையும் ஓர் அளவின்படியே படைத்ததாக அல்லாஹ் சூரா அல்கமரில் அறிவிக்கின்றான். வானத்தை உயர்த்தித் துலாக்கோலை நிறுவியதையும், அந்த நிறுவையில் மிகவும் கூடாது, குறையவும் கூடாது என்பதையும் சூரா அர்ரஹ்மான் நமக்குச் சொல்கிறது. அந்த வசனங்களைக் கடைத்தராசுக்கு மட்டும் உரியவையாக எண்ணி ஓதிவிட்டுப் போகிறோம். ஒரு தொட்டிச் செடியின் இலையிலும் அந்தத் துலாக்கோல் ஆடிக்கொண்டிருக்கிறது.

அளவு என்றால் அளக்க வேண்டும். அங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. நண்பகலில் திறந்த வெளியில் அடிக்கும் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மரத்தடி நிழலில் 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். வெயில் நேராக விழாத ஜன்னலை ஒட்டிய இடத்தில் சில ஆயிரம். அதே அறையின் உள்மூலையில் 100 அல்லது 200 லக்ஸ்தான் தேறும். வெளியிலிருந்து உள்மூலைக்கு வருவதற்குள் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வற்றிவிடுகிறது. ஆனால் நம் கண்ணின் பாவை விரிந்து கொடுத்துவிடுவதால், “இங்கேயும் நல்ல வெளிச்சம்தானே?” என்று தோன்றுகிறது. புத்தகம் படிக்கப் போதுமான வெளிச்சம் செடிக்குப் பட்டினி வெளிச்சம்.

கருவி எதுவும் இல்லாமல் ஒளியை அளக்க முடியுமா? முடியும். நம் முன்னோர் அதை நாள்தோறும் ஐந்து வேளையும் செய்துகொண்டிருந்தார்கள். கடிகாரம் வருமுன் லுஹரும் அஸரும் நிழலைக் கொண்டே அறியப்பட்டன. சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிப்பொழுதின் நிழலை நீக்கி, அப்பொருளின் அளவுக்கு நீண்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். இமாம் அபூஹனீஃபா அவர்களின் கூற்றுப்படி அதன் இரு மடங்கு. திமிஷ்கின் உமய்யாப் பெரிய பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னு ஷாதிர் அவர்கள் 1371-இல் அங்கே ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தை அமைத்தார்கள். நிழலை இறைவன் நீட்டுவதையும், அதற்குச் சூரியனை வழிகாட்டியாக ஆக்கியதையும் சூரா அல்ஃபுர்கான் நினைவூட்டுகிறது. நிழலைப் படிக்கத் தெரிந்த சமுதாயம் நாம். அந்தப் படிப்பைச் செடிக்கும் பயன்படுத்தலாம்.

செய்முறை எளிது. நண்பகலை ஒட்டி, செடி இருக்கும் இடத்தில் இலைக்கு ஓரடி மேலே உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியே தெரியும்படி கூர்மையான, கருத்த நிழல் விழுந்தால் அது வெயில். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் உரியது. ஓரம் கலங்கிய, ஆனால் கை என்று அடையாளம் தெரிகிற மெல்லிய நிழல் விழுந்தால் அது ஆந்தூரியத்துக்கும் பிகோனியாவுக்கும் ஆப்பிரிக்க வயலட்டுக்கும் ஏற்ற இடம். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தப் பூச்செடியையும் வைக்காதீர்கள். வைத்தால் அது சாகாமல் இருக்கும், பூக்காது.

இந்தச் சோதனையை ஒரு நாள் செய்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. நம் பள்ளத்தாக்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கும் வேளையிலும் ஆவணி நடுவை நெருங்கும்போதும், ஆண்டில் இருமுறை, நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நட்ட குச்சிக்கு அப்போது நிழல் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து செல்கிறது. மீதி ஏழரை மாதம் தெற்கே. ஒரு மீட்டர் குச்சியின் உச்சிப்பொழுது நிழல் டிசம்பர் கடைசியில் வடக்கு நோக்கி 65 செ.மீ. அளவுக்கு நீளும், ஜூன் கடைசியில் தெற்கு நோக்கி 24 செ.மீ. அளவில் நிற்கும். ஆகவே மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்து படுக்கும். ஆனியில் அது வடக்கு ஜன்னலைத் தட்டும். ‘வடக்கு ஜன்னலில் வெயில் வராது’ என்று வெளிநாட்டுத் தோட்ட நூல்கள் சொல்வதை நம்பி ஆந்தூரியத்தை அங்கே வைத்தவர்கள், வைகாசியில் இலை கருகுவதைக் கண்டு திகைக்கிறார்கள்.

குகைத் தோழர்களின் வரலாற்றில் இதற்கு அழகான ஒரு குறிப்பு உண்டு. சூரியன் உதிக்கும்போது அவர்களின் குகையை வலப்புறமாக விலகியும், மறையும்போது இடப்புறமாக ஒதுங்கியும் சென்றதாகச் சூரா அல்கஹ்ஃப் விவரிக்கிறது. உறங்கியவர்கள் விசாலமான இடத்தில் இருந்தார்கள். வெயில் அவர்களைச் சுடவில்லை. குகை வாசல் வடக்கு நோக்கியிருந்தது என்பதற்கு இது சான்று என இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். கடகரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் வடக்கு வாசலுக்குள் உச்சி வெயில் எக்காலத்திலும் நுழையாது. கடகரேகைக்குத் தெற்கே வாழும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஓர் ஊருக்கு ஏற்ற அளவு இன்னோர் ஊருக்கு அளவாக இருக்க வேண்டியதில்லை.

மலைகளும் இங்கே தம் பங்குக்குக் கணக்கை மாற்றுகின்றன. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. கூடலூர், லோயர் கேம்ப் போன்ற மலையடி ஊர்களில் மாலைச் சூரியன் மலைக்குப் பின்னால் முன்னதாகவே ஒளிந்துகொள்ளும். அதைக் கண்டு யாரும் நோன்பு திறப்பதில்லை. மலை மறைத்ததற்கும் சூரியன் மறைந்ததற்கும் வேறுபாடு இருக்கிறது என்று சிறுவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கிழக்கில் இருள் எழ வேண்டும், அப்போதுதான் மஃரிப். செடி அப்படிக் காத்திருப்பதில்லை. மலை மறைத்த நொடியிலேயே அதற்கு வெயில் முடிந்துவிட்டது. ஆகவே சமவெளி ஊர்களில் மேற்கு ஜன்னல் செடியைச் சுட்டெரிக்கும் என்றால், மலையடி வீடுகளில் அதே மேற்கு ஜன்னல் சற்று இரக்கம் காட்டும். ஆனி, ஆடியில் கேரளப் பக்கமிருந்து மேகமும் சாரலும் மலையைத் தாண்டி வரும் நாட்களில் எல்லா ஜன்னல்களிலும் ஒளி குறையும். அந்நாட்களில் தொட்டியை ஜன்னலுக்கு இன்னும் ஒரு சாண் நெருக்கமாக நகர்த்துவது போதுமான பரிகாரம்.

படைப்பினம் ஒவ்வொன்றுக்கும் ஒளியின் பங்கு வேறு. சூரா அந்நூரின் ஒளி வசனத்தில் கிழக்குக்கும் உரியதல்லாத, மேற்குக்கும் உரியதல்லாத ஜைத்தூன் மரம் பேசப்படுகிறது. காலை முதல் மாலை வரை எதுவும் மறைக்காத திறந்த வெளியில் நிற்பதால் அதன் எண்ணெய் மிகத் தெளிவானது என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். ஜைத்தூனுக்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். நம் கண்ணெதிரே இருக்கும் ஏலச்செடிக்கோ அது வேண்டாம். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகளைக் கேட்டால் தெரியும்: மழைக்காலத்துக்கு முன்பே நிழல் மரங்களின் கிளைகளைப் பார்த்துப் பார்த்துக் கழிப்பார்கள். மரத்தை வெட்டிவிட்டால் ஏலம் கருகும்; கிளையைக் கழிக்காமல் விட்டால் காய் குறையும். பன்னீர் திராட்சைப் பந்தலிலும் இதே நியாயம்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யாமல் அடர விட்டால், உள்ளே இருண்டு கிடக்கும் மொட்டுகள் இலையாகத்தான் விரியும், குலையாகாது. ஆந்தூரியமும் தென் அமெரிக்க மழைக்காட்டில் பெருமரங்களின் நிழலில் வாழ்ந்த செடி. நம் மலையின் ஏலச்செடிக்கு அது தூரத்து ஊர் அண்டைவீட்டார் போல.

ஒளியைப் போலவே இருளுக்கும் ஓர் அளவு உண்டு என்பதைச் செவ்வந்தி கற்றுக்கொடுக்கும். சீலையம்பட்டிப் பூச்சந்தையில் குவியும் செவ்வந்தியைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டில் தொட்டியில் வைப்பவர்கள் உண்டு. தெருவிளக்கு நேராக விழும் திண்ணையில் வைத்தால் அது மொட்டு விடத் தயங்கும். செவ்வந்தி, நீண்ட இரவைக் கண்டால்தான் பூக்கும் இயல்புடையது. நடு இரவில் விளக்கு விழுந்தால், இரவு இன்னும் நீளவில்லை என்றே அது எண்ணிக்கொள்ளும். செடிகள் இப்படிப் பகல் இரவின் நீளத்தைக் கணித்துப் பூக்கின்றன என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் புகையிலைச் செடியைக் கொண்டு நிறுவினார்கள். இரவு முடிவின்றி நீண்டால் உங்களுக்கு ஒளியைக் கொண்டுவருபவர் யார், பகல் முடிவின்றி நீண்டால் இளைப்பாறும் இரவைக் கொண்டுவருபவர் யார் என்று சூரா அல்கஸஸில் இறைவன் கேட்கும் இரு கேள்விகளும் அந்தத் திண்ணைத் தொட்டிக்கும் சேர்த்துக் கேட்கப்பட்டவையாகவே எங்களுக்குத் தோன்றுகின்றன.

இனி எங்கள் வீட்டுச் செய்தி. எங்கள் அத்தா ஒரு வைகாசி மாதக் கடைசியில் வஃபாத்தானார்கள். அம்மா இத்தாவில் அமர்ந்தார்கள். நான்கு மாதம் பத்து நாள். உறவுப் பெண்கள் ஊர் வழக்கப்படி பின்கட்டு அறையை ஒழித்து, அதன் ஒரே ஜன்னலுக்குக் கனத்த திரை கட்டினார்கள். அன்போடுதான் கட்டினார்கள். அவர்களின் தாய்மாரும் அப்படி இருட்டறையில் இருந்து இத்தாவை முடித்தவர்கள். வானம் பார்க்கக் கூடாது, வெயில் மேலே படக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். அத்தா குமுளியிலிருந்து வாங்கிவந்த ஆந்தூரியத் தொட்டி முன்வாசலில் இருந்தது. அங்கே வந்து தண்ணீர் ஊற்ற இயலாது என்பதால், அதைத் தம் அறைக்குள் கொண்டுவந்து வைக்கும்படி அம்மா கேட்டார்கள். ஜன்னலோரம் வைத்தோம்.

ஆறு வாரம் சென்றது. இருந்த பூக்கள் உதிர்ந்தன. புதிதாக வந்த இரண்டு இலைகள் நீண்ட காம்போடு, திரையின் ஓரத்தில் கசியும் மெல்லிய வெளிச்சக் கோட்டை நோக்கி வளைந்திருந்தன. அம்மா எதையும் முறையிட்டுச் சொல்லும் இயல்பினர் அல்லர். ஒரு நாள் தொட்டியைக் காட்டி, “இது கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்குதே, பாவம். இதுக்கும் இத்தாவா?” என்று கேட்டார்கள். அந்த ஆறு வாரத்தில் அம்மாவின் இரவும் பகலும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. பகலில் கண்ணயர்வார்கள், இரவில் விழித்திருப்பார்கள். தஹஜ்ஜுத் நேரமா, பஜ்ர் நேரமா என்பதைப் பாங்கு கேட்டுத்தான் அறிந்தார்கள். செடியைப் பற்றிச் சொன்னது செடியைப் பற்றி மட்டும் சொன்னது அன்று என எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அணுகிக் கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். கணவனை இழந்த பெண் காத்திருக்கும் காலத்தைச் சூரா அல்பகரா வரையறுக்கிறது. அக்காலத்தில் நறுமணம், சுர்மா, அலங்கார ஆடை ஆகியவற்றைத் தவிர்க்கும்படி ஹதீஸ்கள் சொல்கின்றன. கணவனுடன் வாழ்ந்த வீட்டிலேயே தங்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வரவும் இடமுண்டு. இரவைத் தம் வீட்டில் கழிக்க வேண்டும். மணவிலக்குப் பெற்றுக் காத்திருந்த நிலையில் தம் பேரீச்சந் தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னைக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. இருட்டறை எங்கும் சொல்லப்படவில்லை. சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதும் எங்கும் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, “மார்க்கம் அந்த அம்மாவுக்குத் துக்கத்துக்கு ஒரு கால வரம்பு கொடுத்திருக்கிறது. அதன் மேல் இருட்டையும் நாம் ஏற்றி வைக்க வேண்டாம்” என்றார்.

பெரியம்மா முதலில் ஒப்பவில்லை. அவரை எதிர்த்துப் பேச எங்களுக்கு மனமும் இல்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே எங்கள் சொந்தக் கொல்லைதான், ஆளுயர மதில், அந்நியர் கண் படும் வழியில்லை. ஹஜ்ரத் சொன்னதை ஹஜ்ரத்தின் சொற்களிலேயே எடுத்துரைத்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாமே எழுந்துபோய் அத்தாவின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து வந்து, “இதைக் கட்டுங்க. வெளிச்சமும் வரும், மறைவும் இருக்கும்” என்றார். கனத்த திரை இறங்கியது. ஆனி முடிந்து ஆடி பிறக்கும் காலம். வடக்கு ஜன்னலில் உச்சி வெயில் விழும் பருவம். வேட்டித் துணியில் அந்த வெயில் வடிந்து, பால்போல அறைக்குள் பரவியது. கையை நீட்டிப் பார்த்தோம். சுவரில் ஓரம் கலங்கிய மெல்லிய நிழல் விழுந்தது. ஆந்தூரியத்துக்கு வேண்டிய அளவு அதுதான்.

முற்பகலில் அம்மா கொல்லைக்கும் வந்து சற்று நேரம் அமரத் தொடங்கினார்கள். வெயில் தோலில் நேராகப் பட்டால்தான் உடல் வைட்டமின் டி-யை உண்டாக்கிக்கொள்ளும். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலுக்கு அந்த ஆற்றல் இல்லை. முதிய வயதில் எலும்புக்கு அது இன்றியமையாதது. சில வாரங்களில் அம்மாவின் உறக்கம் இரவுக்குத் திரும்பியது. ஜன்னலில் வெயில் நகர்வதைக் கொண்டே லுஹர் நெருங்குவதைச் சொல்லத் தொடங்கினார்கள். ஆவணியில் ஒரு நாள், “வெயில் இந்த ஜன்னலை விட்டுப் போயிடுச்சு” என்றார்கள். கணக்குப்படி சூரியன் தலைக்கு மேல் வந்து தெற்கே சாயத் தொடங்கும் வாரம் அது. எந்த நாட்காட்டியையும் பார்க்காமல் அதை அறிந்திருந்தார்கள். அதே மாதத்தில் இளம் இலையின் கணுவில் ஒரு மொட்டு தெரிந்தது. இத்தா முடிந்த நாளில் அது விரிந்து நின்றது. அத்தா இல்லாத வீட்டின் வெறுமையை ஒரு பூ நிரப்பிவிடாது; அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. தொட்டியைத் துடைத்து, காய்ந்த இலையைக் கிள்ளிவிட்டு, அத்தாவுக்காக யாசீன் ஓத அமர்ந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் நிலைத்துவிட்டன. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைப்போம். ஒரே பக்கம் சாயாமல் செடி நேராக வளரும். பருவம் மாறும்போது கைநிழலைப் பார்த்து இடம் மாற்றுவோம். இருளில் இருந்த செடியை ஒரே நாளில் வெளியே வைப்பதில்லை. நிழலில் உருவான இலை மென்மையானது. திடீர் வெயிலைத் தாங்காது. முதலில் ஜன்னலோரம், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று இரண்டு வாரம் எடுத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைப்போம்; படிந்த தூசியும் ஒளியை மறைக்கும் திரைதான். துக்கத்திலிருந்து எழுந்து வருபவரையும் இப்படித்தான் மெல்ல மெல்ல வெளியே அழைத்து வர வேண்டும் என்பதை அந்த ஆண்டில் கற்றோம்.

அபூதாவூத் நூலில் பதிவான ஒரு நபிமொழி உண்டு. ஒருவர் வெயிலில் அமர்ந்திருக்க, நிழல் நகர்ந்து, உடலில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் ஆகிவிட்டால் அவர் எழுந்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. எழுந்து இடம் மாறுவது மனிதனுக்கு எளிது. தொட்டிச் செடியால் எழ இயலாது. அதற்காக எழ வேண்டியவர் வீட்டில் இருப்பவர். எழ இயலாத மனிதர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இத்தாவில் இருக்கும் தாய், படுக்கையில் கிடக்கும் பெரியவர், பிள்ளை பெற்று அறைக்குள் இருக்கும் மகள். மறைவும் மரியாதையும் காக்கப்பட வேண்டியவை. அதில் நமக்கு ஐயமில்லை. ஒளியை அடைக்காமலே மறைவைக் காக்க ஒரு மெல்லிய வெள்ளைத் துணி போதும்.

இன்று லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒவ்வோர் அறையிலும் கையை நீட்டி, எந்த நிழல் விழுகிறது என்று பாருங்கள். நிழலே விழாத அறையில் யார் இருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

வானங்களுக்கும் பூமிக்கும் ஒளியானவன் நம் வீடுகளையும், நம் பெற்றோரின் இறுதிக் காலத்தையும், மண்ணறைகளையும் ஒளிபெறச் செய்வானாக! ஆமீன்.